வீதியிற் செல்லும் மூன்றாமவர்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு பழைய மாணவர் சங்கத்தார் அன்புடன் பணித்தனர். கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளை என்னிலும் சுவைபட எழுத வல்லார் பலர் உளர். ஆகலின், பல்லாண்டு காலம் நான் உழைத்த தொழிலிலிருந்து, மாணவர்க்கும் பெற்றோர்க்கும் பயன்படத் தக்க பொருள் ஒன்றினை எடுத்துக்கொண்டேன். மோட்டார் வாகனம் வைத்திருப்போர்க்குச் சட்டம் விதித்துள்ள கட்டாயக் காப்புறுதியே அப்பொருள். வறண்ட விடயம் என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. வாகனம் உடையவன் பணம் கட்டுகின்றான். ஆனால் அப்பணத்தின் பயன் வீதியில் நடந்து செல்லும் முகமறியாத ஒருவருக்கு உரியது. இவ்வுண்மையை அறியாமையால் அழிந்த குடும்பங்களை நான் கண்டிருக்கின்றேன்.

ஊர்தியால் விளைந்த சாவுக்கு நீதி கேட்ட கதை நமக்குப் புதிதன்று. திருவாரூரிலே மனுநீதிச் சோழனின் மைந்தன் ஏறிச் சென்ற தேர்க்காலில் ஆன்கன்று மாண்டதையும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்ததையும் பெரியபுராணத்திற் படித்திருக்கின்றோம். அநுராதபுரத்திலிருந்து அரசு செய்த எல்லாளனைப் பற்றி மகாவம்சமும் இத்தகைய கதையொன்றைக் கூறுகின்றது. இரு கதைகளிலும் மன்னன் தன் மகனென்றும் பாராது தண்டனை விதிக்கின்றான். ஆயினும், தண்டனை நீதியின் ஒரு பாதியே. மாண்டது கன்றாக அன்றித் தாய்ப்பசுவாக இருந்திருப்பின், கன்றுக்குப் பால் எங்கிருந்து வரும்? கட்டாயக் காப்புறுதிச் சட்டம் விடை காண முயல்வது இக்கேள்விக்கேயாம்.

மோட்டார் வாகனம் உலகிற் புகுந்தபோது இக்கேள்வி உடனே எழுந்தது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆந் திகதி இலண்டன் பளிங்கு மாளிகை வளவிலே பிரிட்ஜெற் டிறிஸ்கல் என்னும் மாது மோட்டார் வண்டி மோதி உயிரிழந்தார். பிரித்தானியாவில் மோட்டார் வண்டியால் மாண்ட முதற் பாதசாரி அவரே. மரண விசாரணையில் அது தற்செயலான சாவு என்று தீர்க்கப்பட்டது. வண்டிகள் பெருகப் பெருகச் சாவுகளும் பெருகின. நீதிமன்றங்கள் நட்டஈடு கொடுக்கும்படி தீர்ப்பளித்தன. ஆனால் தீர்ப்பைப் பெற்றவர் பலர் பணத்தைப் பெறவில்லை. மோதியவனிடம் பொருள் இல்லையாயின் தீர்ப்பு வெறும் தாளே. இக்குறையை நீக்கும் பொருட்டு, அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலம் 1927இல் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. நியூசிலாந்து 1928இலும், பிரித்தானியா 1930இலும் அவ்வாறே சட்டம் இயற்றின. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 99ஆம் பிரிவு இக்கடமையை விதிக்கின்றது.

இதனை மூன்றாந் தரப்புக் காப்புறுதி என்கின்றோம். காப்புறுதி பெறுபவர் முதலாமவர். கொடுக்கும் நிறுவனம் இரண்டாமவர். இவ்விருவருக்குமிடையே எழுதப்படும் உடன்படிக்கையில் கையெழுத்திடாத, அப்படியொன்று உண்டென்றே அறியாத ஒருவர் மூன்றாமவர். வீதியைக் கடக்கும் முதியவர், துவிச்சக்கர வண்டியிற் பள்ளி செல்லும் சிறுவன், சந்தையால் மீளும் தாய் ஆகியோர் அவர்கள். வாகனத்தால் இவர்களுக்குச் சாவோ உடற்காயமோ நேர்ந்து, சாரதியின் பொறுப்பென்று தீர்ப்பாகும்போது, நட்டஈட்டைக் காப்புறுதி நிறுவனம் செலுத்தல் வேண்டும். காப்புறுதிச் சான்றிதழைக் காட்டாமல் ஆண்டுதோறும் பெறவேண்டிய வருமான அனுமதிப் பத்திரத்தைப் பெற இயலாது. அதனாற்போலும், பலர் இதனை அனுமதிப் பத்திரத்துக்காகக் கட்டும் இன்னொரு வரியென்றே எண்ணிவிடுகின்றனர்.

சாரதிகள் தெளிய வேண்டிய மற்றொன்றும் உண்டு. சட்டம் கட்டாயமாக்கிய பகுதி அவருடைய வாகனத்தைத் திருத்தித் தராது. அவரது பிழையால் அவருக்கே கால் முறியுமாயின், அதற்கும் அது பொறுப்பேற்காது. தன்மேல் தானே வழக்காட எவராலும் இயலாதன்றோ? அவற்றுக்கு வேண்டிய பாதுகாப்பை அவர் தம் விருப்பத்தால் மேலதிகப் பணம் கட்டியே பெறல் வேண்டும்.

இனி, நட்டஈடு தானாக வந்து சேர்வதில்லை. நம் நாட்டில் இவ்விடயத்தை ஆள்வது உரோமன் டச்சுச் சட்டம். சாரதி கவனயீனமாக நடந்தார் என்பதைக் கேட்பவரே நிறுவுதல் வேண்டும். பொலிசார் தொடுக்கும் குற்ற வழக்கு வேறு. குடும்பத்தார் தொடுக்க வேண்டிய நட்டஈட்டு வழக்கு வேறு. முன்னதில் சாரதி தண்டம் இறுத்தமையால் பின்னது முடிந்துவிட்டதென்று கருதலாகாது. யாவற்றினும் மேலாக நினைவில் இருத்த வேண்டியது காலவரம்பு. இத்தகைய வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும்; தவறினால் உரிமை அற்றுப்போகும்.

1990களில் கொழும்பிலே காப்புறுதி நிறுவனம் ஒன்றின் நட்டஈட்டுப் பகுதியில் நான் கடமையாற்றிய காலத்தில், ஒரு நாள் முற்பகல் பெண்ணொருவர் இரு குழந்தைகளுடன் வந்தார். கணவர் மேசன் வேலை செய்தவர். துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வழியில் லொறி மோதி மாண்டவர். லொறி உடைமையாளர் மரணச் செலவைத் தாமே ஏற்றார். “பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளுவன், கோடு கச்சேரி எல்லாம் எதற்குத் தங்கச்சி?” என்றாராம். மாதந்தோறும் சிறு தொகையும் கொடுத்து வந்தார். அவரை நல்ல மனிதர் என்றே அப்பெண் இறுதிவரை கூறினார். பின்னர் பணம் வருவது குறைந்தது. ஒரு நாள் நின்றேவிட்டது. பக்கத்து வீட்டு ஆசிரியர் ஒருவர் சொல்லி, எங்கள் அலுவலகத்தைத் தேடி வந்திருந்தார்.

கோவையை எடுத்துப் பார்த்தேன். விபத்து நடந்த நாளில் லொறிக்குக் காப்புறுதி நடைமுறையில் இருந்தது. கட்டணம் ஒரு சதமும் குறையாமற் கட்டப்பட்டிருந்தது. ஆனால் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் கழிந்திருந்தன. வழக்கும் இல்லை; அறிவித்தலும் இல்லை. மேலதிகாரியிடம் அழைத்துச் சென்றேன்; அவரும் சட்டப் பகுதியாரைக் கேட்டுப் பார்த்தார். வழி பிறக்கவில்லை. உடைமையாளர் ஏன் மறைத்தார் என்று பின்னர் எண்ணிப் பார்த்ததுண்டு. நட்டஈடு கோரப்பட்டால் அடுத்த ஆண்டு கிடைக்கும் கட்டணக் கழிவு குறையுமென்று அஞ்சினார் போலும். அன்றித் தம் கையாற் கொடுத்தலே அறமென்று மெய்யாகவே நம்பினாரோ, அறியேன். எவ்வாறாயினும், அக்குழந்தைகளுக்கென்று சட்டம் எடுத்து வைத்திருந்த சோறு அவர்கள் கைக்கு எட்டாமற் போயிற்று. இளைய பிள்ளை என் மேசையிலிருந்த முத்திரையை எடுத்து வெறுந்தாளில் குத்தி விளையாடிக்கொண்டிருந்தது.

பிற்காலத்தில் மக்களுடன் சிட்னி நகரிற் குடியேறினேன். அங்கே வாகனத்தைப் பதிவு செய்யுமுன் யாவரும் வாங்க வேண்டிய கட்டாயக் காப்புறுதியைப் பச்சைச் சீட்டு என்கின்றனர். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1942ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் பிறந்துவிட்டது. நெடுங்காலம் அங்கும், பிழை யாருடையது என்பதே முதற் கேள்வியாய் இருந்தது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையைப் பெரிதும் மாற்றியது. காயமுற்றவர் எவராயினும், பிழைசெய்த சாரதியாயினும், மருத்துவச் செலவும் இழந்த சம்பளத்தின் பெரும்பகுதியும் 26 வாரங்களுக்குப் பெறலாம் என்றாயிற்று. 2023 ஏப்ரில் முதல் நிகழும் விபத்துகளுக்கு அக்காலம் 52 வாரங்கள். அதற்கப்பால் உதவி தொடர வேண்டுமாயின், பிழையும் காயத்தின் கடுமையும் ஆராயப்படும். காப்புறுதியற்ற வாகனத்தை அறிந்தே ஓட்டியவர்க்கும் பாரதூரமான ஓட்டுதற் குற்றம் புரிந்தவர்க்கும் இச்சலுகை இல்லை. மோதிவிட்டு ஓடிய வாகனம் எதுவென்று தெரியாவிடினும், அதற்கென்று பெயரளவில் ஒரு பிரதிவாதியைச் சட்டமே அமைத்து வைத்திருக்கின்றது. அண்டை நாடான நியூசிலாந்து இன்னும் ஒருபடி மேலே சென்று, 1974 முதல் உடற்காய நட்டஈட்டு வழக்குகளையே பெரும்பாலும் ஒழித்து, காயமுற்ற அனைவரையும் பொதுநிதியாற் பேணுகின்றது.

ஆயின், சிட்னியிலும் காலம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. விபத்து நடந்த நாளிலிருந்தே உதவிப் பணம் வேண்டுமாயின் 28 நாட்களுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும்; மூன்று மாதமே பொது எல்லை. ஆங்கில அறிவு குறைந்த நம் முதியோர் சிலர், “நமக்கெதற்கு வீண் வம்பு” என்று வாளா இருந்து இழந்ததை அங்கும் கண்டேன். சட்டம் எவ்வளவு செம்மையாயினும், அதனை அறியாதார்க்கு அது இல்லாததே.

ஆகவே, இளைய மாணவர்க்கு இரண்டொரு சொல். வீதியில் விபத்தைக் கண்டால் நின்று உதவுங்கள். வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பொலிசில் முறைப்பாடு பதியப்படுவதை உறுதி செய்யுங்கள். காயமுற்றோரின் வீட்டாரிடம், காப்புறுதி நிறுவனத்தின் பெயரைக் கேட்டறிந்து, காலந்தாழ்த்தாது சட்டத்தரணி ஒருவரை நாடும்படி சொல்லுங்கள். வாகன உடைமையாளர் கையாற் கொடுக்கும் பணம் அன்பின் அடையாளமாகலாம். அது உரிமைக்கு ஈடாகாது. நீங்களே நாளை மோட்டார் சைக்கிளோ காரோ ஓட்டும்போது, அனுமதிப் பத்திரமில்லாத நண்பனிடம் அதனைக் கொடாதீர்கள். தவறு நேர்ந்தால் காப்புறுதி உண்டென்பதை மறையாது முதலிற் சொல்லுங்கள். அது உங்கள் பணமன்று. நீங்கள் மோதிய மனிதரின் பணம்.

கணக்கும் இலக்கியமும் நமக்குக் கற்பித்த ஆசான்மார், கற்றவன் தன் அயலாரின் கடிதத்தை வாசித்துக் கொடுக்கக் கடமைப்பட்டவன் என்பதையும் கற்பித்தனர். அந்தப் பக்கத்து வீட்டு ஆசிரியர் நான்கு மாதங்கள் முந்திப் பேசியிருப்பின் ஒரு குடும்பம் பிழைத்திருக்கும். நம் கல்லூரியிற் பயின்றோர் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றோம். நாம் காலத்தோடு பேசுவோமாக. கல்லூரி அன்னை நீடு வாழ்க!