பனிநாட்டு நெடுஞ்சாலையில் ஓர் ஊசித்துளை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தை மேற்கிலிருந்து கிழக்காக ஊடறுத்துச் செல்வது 401ஆம் இலக்க நெடுஞ்சாலை. வின்சர் நகரில் தொடங்கிக் கியூபெக் எல்லையில் முடியும் அதன் நீளம் 828 கிலோமீற்றர். நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறி வாழும் ஸ்காபறோவின் ஊடாகவும் அது செல்கின்றது. கோடையில் அவ்வழியே செல்வோர் பசிய வயல்களைக் கண்டு மகிழ்வர். மாரியிலோ அவர்தம் கருத்தெல்லாம் வண்டியின் முன்கண்ணாடி தெளிவாக இருக்கின்றதா என்பதிலேயே நிற்கும்.

வெப்ப நாட்டில் வாழும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம். நமது ஊரிற் கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும். அங்கேயோ பனி உறையாதிருத்தற்பொருட்டுச் சாலையெங்கும் உப்புத் தூவுகின்றனர். செறிவு மிகுந்த உப்புநீர் பூச்சியத்துக்குக் கீழே 21 பாகை செல்சியஸ் அளவிலேதான் முற்றாக உறையும். ஆதலால், குளிர் கடுமையாக இருப்பினும் சாலை ஈரமாகவே கிடக்கும். முன்னே செல்லும் லொறியின் சில்லுகள் அந்தச் சாம்பல் நிறச் சேற்றை வாரி நம் கண்ணாடியில் இறைக்கும். துடைப்பான் மட்டும் இயங்கினால் சேறு அகலுவதில்லை. கண்ணாடி முழுவதும் பூசப்படும். ஈரம் காய்ந்ததும் உப்பு வெண்படலமாக எஞ்சும். அதனைக் கழுவுதற்கென வண்டியின் பொனற்றில் இரண்டு சிறு துளைகள் உள்ளன. விசையை அழுத்தியதும் அவற்றிலிருந்து திரவம் பீச்சி எழும். ஊசிமுனை நுழையும் அளவினவான அத்துளைகளே பனிக்காலத்திற் சாரதிக்குக் கண்.

2018ஆம் ஆண்டு மார்கழி விடுமுறையில், ஸ்காபறோவில் வசிக்கும் என் மருமகனுடன் ஒட்டாவா நகர் காணப் புறப்பட்டேன். ஏறக்குறைய 450 கிலோமீற்றர்ப் பயணம். அவருடைய வண்டி பதினான்கு ஆண்டுகள் உழைத்தது. சில புதிய வண்டிகளில் அத்துளைகளை மின்சாரத்தாற் சூடேற்றும் வசதி உண்டு, இதில் அஃதில்லை. கோபேக் என்னும் ஊரைக் கடந்தபோது லொறியொன்று எம்மை முந்திச் சென்றது. கண்ணாடி முழுதும் சேறு. மருமகன் விசையை அழுத்தினார்.

“மாமா, தண்ணீர் வரவில்லை” என்றார்.

காலைச் சூரியன் எதிரே தாழ நின்றது. உப்புப் படலத்தில் அவ்வொளி பட்டதும் கண்ணாடி சுண்ணாம்பு தீற்றிய சுவர்போல் ஆயிற்று. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகம். பின்னிருக்கையில் இரு குழந்தைகள் உறக்கத்தில். மருமகன் பதறவில்லை. வேகத்தைப் படிப்படியாகத் தணித்து, வலப்புற நிரைக்கு மாறி, உள்ளங்கையளவு தெளிந்திருந்த இடத்தினூடே நோக்கியவாறு அடுத்த வெளிவாயிலில் இறங்கி வண்டியை நிறுத்தினார். அந்தச் சில நிமிடங்கள் எனக்கு ஒரு நாழிகையாகத் தோன்றின.

துளை உறைந்ததன் காரணம் எளிது. குளிர்காலத் திரவத்தில் மெதனோல் என்னும் மதுசாரம் கலந்திருக்கும். அதுவே உறையாமற் காப்பது. புட்டியில் எஞ்சியிருந்த கோடைக்காலத் திரவத்துடன் சேர்ந்தமையால் அதன் வலிமை குறைந்துவிட்டது. மேலும், துளையின் வாயில் தங்கும் துளியிலிருந்து மதுசாரம் முதலில் ஆவியாகிவிட, எஞ்சும் நீர் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

பரிகாரமும் எளிதே, பொறுமைதான் வேண்டும். விசையை மீண்டும் மீண்டும் அழுத்தலாகாது, பம்பி பழுதாகும். கொதிநீர் ஊற்றலாகாது, குளிர்ந்த கண்ணாடி வெடிக்கும். மருமகன் துளைகளைச் சுற்றியிருந்த பனியை நீக்கினார். திறந்த வெளியில் எஞ்சினை ஓடவிட்டுப் பொனற்றை மூடிவைத்தார். மூடிய கொட்டகையில் இவ்வாறு செய்தால் நச்சுப்புகை உயிரைக் குடிக்கும். புதிய திரவத்தில் நனைத்த துணியைத் துளைகளின்மேல் இட்டார். இருபது நிமிடத்தில் அடைப்பு இளகியது. குண்டூசியால் மெல்லக் குத்தி வழி திறந்தார். பின்னர்ப் பழைய திரவத்தை அகற்றி, பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை வரை தாங்கும் திரவத்தை நிரப்பி, குழாய் முழுவதும் அது பரவும்வரை பீச்சச் செய்தார்.

பனியிற் பார்வையைக் காக்கும் முயற்சி நெடுநாளையது. அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி அண்டர்சன் என்னும் பெண்மணி, பனிமழையில் நியூயோர்க் நகர டிராம் சாரதி படும் அல்லலைக் கண்டு, உள்ளிருந்தே கையால் இயக்கும் துடைப்பானை அமைத்தார். 1903ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார்.

அந்நாட்டில் மக்களை உடையோர் நம்மிற் பலர். மாரியில் அங்கு செல்ல நேர்ந்தால் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. ஒன்று, வண்டி முற்றத்தை விட்டகலுமுன், கண்ணாடி சூடேறிய பின்னர், ஒருமுறை பீச்சிப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றையது, அத்திரவம் பெரும்பாலும் அழகிய நீல நிறத்தில், குடிபானம்போல் இருக்கும். கண்ணாடிக்குத் தெளிவு தரும் அதே மெதனோல், அருந்தியவரின் கண்ணொளியைப் பறிக்கும், உயிரையும் போக்கும். அக்கலனைக் குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.