அச்சு ஒரு தடவைதான்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் தரம் 10 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய் வந்தோம். திருகோணமலையிலிருந்து இரவோடு இரவாகப் பயணம். பஸ்ஸில் பாட்டு, வாந்தி, கந்தளாயில் பிளேன்டி, எல்லாம் வழமைபோல. எழுத வந்தது அதையல்ல.

புறப்படுவதற்கு முதல் நாள் இரவு ஓர் உம்மா கோல் எடுத்தார்.

"டீச்சர், குறை நினைக்காதீங்க. அங்க கூட இருக்கிறது சிலைதானாம். மகனுக்கு ஒண்டும் வந்திடாதே?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். "பாக்கிறது வேற, வணங்கிறது வேற ராத்தா. நாங்க சரித்திரம் படிக்கத்தான் போறம்" என்றேன்.

"அது எனக்குத் தெரியும் டீச்சர். நான் மார்க்கத்தச் சொல்லல்ல. பொலிஸச் சொன்னேன்."

எனக்கு வாய் அடைத்துப் போய்விட்டது. 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தார்கள். அடுத்த மாதமே, ஹொரவப்பொத்தானைப் பக்கத்தில் கிரலாகல தூபியில் ஏறிப் படம் எடுத்ததற்காகத் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேரைக் கைது செய்தார்கள். யாரோ உடைத்தான், யாரோ ஏறினான். அதற்குப் பிறகு வந்த ஏப்ரலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் அநுராதபுரம் போகிற அதே ரோட்டில்தான் ஹொரவப்பொத்தானை இருக்கிறது. அந்த உம்மா அதை மறக்கவில்லை. நான்தான் மறந்திருந்தேன், அல்லது மறந்ததுபோல இருந்தேன்.

அதனால் விடியற்காலையில் பஸ்ஸுக்குள் எழும்பி நின்று விதி சொன்னேன். புத்தருக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள். செல்பி வேண்டாம். விரல் நீட்டிக் காட்டாதீர்கள். சிரிக்காதீர்கள். தொடவே கூடாது. சொல்லி முடித்துப் பார்த்தால் ஒரு பிள்ளையின் முகத்திலும் பயணத்தின் களை இல்லை.

உள்ளே போனதும் முதலில் இருப்பவர் தொலுவில புத்தர். அநுராதபுரத்தில் 1890இல் எச்.சி.பி. பெல் கண்டெடுத்தது. கல்லில் தியானத்தில் இருக்கிறார், அவ்வளவு அமைதி. அவருக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அடையாள அணிவகுப்பில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். ஒருவரும் சிலையைப் பார்க்கவில்லை. எல்லோரும் காவலாளியைப் பார்த்தார்கள். அந்தக் காட்சிக்குக் காரணம் நான்.

எப்படி அவிழ்ப்பது என்று தெரியாமல் கட்டிடத்தின் கதையைச் சொன்னேன். ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1877இல் திறந்த மாளிகை இது. கட்டிக்கொடுத்த ஒப்பந்தகாரர் வாப்புச்சி மரைக்கார், எங்கட ஆள். திறப்பு விழாவில் என்ன பரிசு வேண்டும் என்று கிரெகரி கேட்டதாகவும், வெள்ளிக்கிழமையில் மூடுங்கள், அது போதும் என்று இவர் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. பல காலம் வெள்ளிக்கிழமை மூடித்தான் இருந்தது. இதைக் கேட்டதும் ஒருத்தன் தூணைத் தட்டிப் பார்த்தான். "இத தொடலாமா டீச்சர்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பொலன்னறுவையில் எடுத்த வெண்கலங்கள் இருக்கிற இடத்தில்தான் அந்த உம்மாவின் மகன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். வகுப்பில் கடைசி வாங்கு, கேட்டாலும் பேசமாட்டான். வாப்பா கடல் தொழில். நடராசருக்கு முன்னால் குந்தி, பீடத்தை அடியிலிருந்து பார்த்துவிட்டு, "டீச்சர், இது செதுக்கினதில்ல. ஊத்தினது" என்றான்.

"எப்படித் தெரியும்?"

"வாப்பா வலைக்கு ஈயக்குண்டு ஊத்துவார். நான்தான் அச்சுப் புடிக்கிறது."

நான் விளக்கினேன். முதலில் மெழுகில் முழு உருவமும் செய்வார்கள். மேலே களிமண் பூசிக் காயவைப்பார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த வெறும் இடத்துக்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றி, ஆறிய பிறகு மண்ணை உடைத்து எடுப்பார்கள்.

அவன் யோசித்தான். "அப்ப அச்சு ஒரு தடவைதானா? வாப்பாட அச்சில நூறு குண்டு வரும்." பிறகு மெதுவாக, "பிழைச்சா மெழுகிலயிருந்து திரும்பத் தொடங்கணும்" என்றான்.

அதற்குப் பிறகு பிள்ளைகளைப் பிடிக்க முடியவில்லை. புத்தரிடம் திரும்பப் போனார்கள், நடராசரிடம் வந்தார்கள். கல்லில் வேண்டாததை எடுக்க வேண்டும், வெண்கலத்தில் வேண்டியதை ஊற்ற வேண்டும், அதனால்தான் கல் புத்தர் கையை மடியில் வைத்திருக்கிறார், இவர் நான்கு கையையும் வீசுகிறார் என்று ஒரு மாணவி வாதாடினாள். முழுக்கச் சரியில்லை. கல்லிலும் ஆடுகிற சிலைகள் உண்டு, வெண்கலத்திலும் அமைதியாக இருக்கிற புத்தர் உண்டு. ஆனால் இருபது வருடம் படிப்பிக்கிற எனக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியதில்லை.

பார்வதிக்கு முன்னால் போனில் தாராவின் படத்தைக் காட்டினேன். எங்கள் திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையில் கிடைத்ததாகச் சொல்லப்படும் பௌத்தத் தேவி. ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு, 143 சென்டிமீட்டர் உயரம், பொன் முலாம். ஆளுநர் பிரவுன்றிக் கொண்டுபோய், 1830இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். பார்வதி அதற்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியவர். ஆனாலும் அதே இடை வளைவு, அதே மெல்லிய இடுப்பு. பெயர்ப் பலகையை மறைத்துவிட்டு யார் எந்தச் சமயம் என்று கேட்டால் எனக்கே தடுமாறும். மேலாடை இல்லாததைப் பார்த்துப் பெண்பிள்ளைகள் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். வெட்கப்பட வேண்டாம், லண்டன் துரைமாரும் இதே காரணத்துக்காகப் பல வருடம் இவரைப் பொதுமக்கள் கண்ணில் படாமல் உள்ளே வைத்திருந்தார்கள் என்றேன்.

பொய் சொல்ல மாட்டேன், சிலை என்றால் எனக்குள்ளும் ஒரு தயக்கம் உண்டு. சின்ன வயதில் வந்தது, போகாது, போக வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் 1950இல் எங்கள் ஊரிலேயே கிணறு வெட்டும்போது கோணேசர் கோயில் விக்கிரகங்கள் வெளியே வந்தன. போர்த்துக்கீசர் கோயிலை இடித்த காலத்தில் யாரோ பயத்தோடு மண்ணுக்குள் இறக்கி வைத்தவை. பிள்ளைகளுக்கு நான் அதைச் சொன்னபோது என் தொண்டை அடைத்தது. யுத்த காலத்தில் உம்மா குர்ஆனைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கடியில் வைத்துவிட்டு ஓடியது ஞாபகம் வந்தது.

காலிக் கல்வெட்டையும் பார்த்தோம். சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு வெட்டுவித்தது. சீனத்தில் புத்தருக்கு, தமிழில் தென்னாவரை நாயனாருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வைப் புகழ்ந்து. பாரசீகப் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

"எங்கட ஊர்ல எங்கட ஆக்கள் வெட்டின கல் ஒண்டும் இல்லையா?" என்று கேட்டான் அதே பையன். இருக்கிறது என்றேன். துறைமுகப் பக்கம் நிக்கல்சன் கோவில் கிடைத்த அரபு மீஸான் கல். ஹிஜ்ரி 729, அதாவது 1329 அளவில். ஒரு பெண்ணின் கப்ருக்கு வைத்தது. அவளுடைய வாப்பாவின் பெயர் அல் ஹலபி என்று முடிகிறது. ஹலபி என்றால் அலெப்போக்காரர். உருவம் ஒன்றும் இல்லை, எழுத்து மட்டும்தான்.

"மகளுக்கா?" என்றான்.

"மகளுக்கு."

திரும்பி வந்து, பார்த்தவற்றில் இரண்டை ஒப்பிட்டு எழுதச் சொன்னேன். பலர் பலகையில் இருந்ததை அப்படியே கொப்பி பண்ணியிருந்தார்கள். இவன் எழுதியது அரைப் பக்கம். நடராசரையும் மீஸான் கல்லையும் எடுத்திருந்தான், இத்தனைக்கும் கல்லை அவன் கண்ணாலும் கண்டதில்லை. பக்கத்தில் பென்சிலால் ஒரு படம். நெருப்பு வளையம், தூக்கிய கால், நான்கு கை எல்லாம் அச்சொட்டாக இருந்தது. முகம் மட்டும் வெறுமையாக இருந்தது.

ஏன் என்று கேட்டேன்.

"உம்மா முகம் கீற வேணாம் எண்டவ" என்றான். "கால் கீறலாம் டீச்சர். கேட்டுட்டுத்தான் கீறினேன்."