பெட்டியில் என்ன இருக்கிறது?

பிரயாணம் போகிறவர் ஒருவர். பெட்டி அடுக்குகிறவர்கள் பத்துப்பேர். நம் யாழ்ப்பாணத்து வீடுகளில் இது சர்வசாதாரணமான காட்சியாகிவிட்டது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக ஒரு தாயார் இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ புறப்படுகிறார் என்ற செய்தி ஒழுங்கை முழுவதும் பரவுவதற்கு ஒரு பொழுது போதும். மறுநாளே பொதிகள் வந்து குவியத் தொடங்கும். புதிதாக வாங்கிய சூட்கேஸ் விறாந்தையின் நடுவே திறந்தபடி கிடக்க, மருமகள் மிளகாய்த்தூளை ஒரு மூலையில் அமுக்குவார். மைத்துனர் ஒடியலைக் கட்டுக்கட்டாகச் செருகுவார். அயல்வீட்டுப் பெரியம்மா தமது பேரனுக்கென ஒரு பொதியைக் கொணர்ந்து, "இதையும் ஒரு கரையிலை வைச்சுவிடு பிள்ளை" என்பார். பிரயாணம் செய்யவேண்டிய தாயாரோ அடுப்படியில் இருந்து எள்ளுருண்டை பிடித்துக்கொண்டிருப்பார். பெட்டிக்குள் என்ன போகின்றது, எந்த மூலையில் கிடக்கின்றது என்பதை அறியாதவர் அந்த வீட்டில் அவர் ஒருவரே.

கட்டுநாயக்காவிலே கதை மாறுகின்றது. வழியனுப்ப வந்தவர்கள் எல்லோரும் வெளியே நின்றுவிட, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறவர் அவர் மட்டுந்தான். "இந்தப் பெட்டியை அடுக்கியவர் நீங்கள்தானா? பிறர் தந்த பொருள் ஏதேனும் உண்டா?" என்று விமானக் கம்பனியின் உத்தியோகத்தர் கேட்பதுண்டு. அக்கேள்வி வெறும் சம்பிரதாயமன்று. பெட்டியில் ஒட்டப்படும் துண்டிலே இருப்பது அவருடைய பெயர். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் மறுமொழி சொல்லவேண்டியவரும் அவரே. ஆகவே பெட்டியை அடுக்கவேண்டியவரும் அவராகவே இருத்தல் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். குனிந்து நிமிர இயலாத முதியவராயின், நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொன்றையும் கையில் வாங்கிப் பார்த்துக் கொடுக்கட்டும். இளையவர்கள் வாங்கி வைக்கட்டும். பேத்தி ஒருத்தி பக்கத்திலிருந்து, கொப்பித் தாளொன்றில் பொருள்களின் பெயர்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினால், அந்தத் தாள் கைப்பையில் பெரிய துணையாக இருக்கும்.

பிறர் தரும் பொதியின் விஷயம் இதைவிட நுட்பமானது. நன்மை தீமைக்கு நம் வாசலில் வந்து நின்ற ஒருவர், பேரப்பிள்ளைக்கு அனுப்பும் பயற்றம்பணியாரத்தை ஏற்க மறுத்துவிட்டு, திரும்பி வந்தபின் அவர் முகத்தில் விழிப்பது எப்படி? எனினும், ஒட்டி மூடிய பொதியை, அது எவர் தந்ததாயினும், பிரித்துப் பாராமல் ஏற்கலாகாது. தந்தவரின் முன்னிலையிலேயே பிரித்துப் பார்த்து, அவரையே திரும்பக் கட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை. "அங்கை கேட்டால் நான்தானே மறுமொழி சொல்லவேணும்" என்ற ஒரு சொல்லை நல்லவர்கள் விளங்கிக்கொள்வார்கள். விளங்கிக்கொள்ள மறுப்பவரின் பொதியை விட்டுச் செல்வதே உத்தமம். சிங்கப்பூரிலே குறித்த அளவுக்கு மேற்பட்ட போதைப்பொருளைக் கடத்துவோருக்கு மரணதண்டனை வரை விதிக்கப்படுகின்றது. தமது பெட்டியில் அகப்பட்டது இன்னதென்று தாம் அறியார் என்பதை நிரூபிக்கும் பாரமும் அங்கே பெட்டிக்காரர் தலையிலேயே விழுகின்றது. பணியாரத்துக்காக எவரும் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

பெட்டியை ஊடுருவிப் பார்க்கும் எக்ஸ் கதிர் இயந்திரத்தைப்பற்றிச் சிறிது அறிந்துகொண்டால் வீண் பயங்கள் பல நீங்கும். அதன் திரையில் பொருள்கள் தம் இயல்பான நிறத்தில் தோன்றுவதில்லை. இரும்பு முதலிய உலோகங்கள் நீலமாகவும், உணவு, துணி, கடதாசி முதலியன செம்மஞ்சளாகவும், இடைப்பட்டவை பச்சையாகவும் தெரியும். வெடிமருந்துகளுட் பெரும்பாலானவையும் அந்தச் செம்மஞ்சட் கூட்டத்தைச் சேர்ந்தவை என்பதுதான் சங்கடம். இரண்டு கிலோ மிளகாய்த்தூளைச் செங்கல்லைப்போல இறுக்கிக் கட்டி, அதன்மேலே மின்னேற்றியையும் வயரையும் சுற்றி வைத்தால், திரையைப் பார்த்திருக்கும் உத்தியோகத்தருக்கு அது எப்படித் தோன்றும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை. தூளைச் சிறு பொதிகளாகப் பிரித்து, தட்டையாகப் பரவி, பெயரெழுதி ஒட்டி, வயர்களை வேறொரு பக்கத்தில் வைத்தால், பெட்டியைத் திறந்து பார்க்கும் தேவை குறையும்.

திருநீறும் அவ்வாறே. கோயிலிலிருந்து கொண்டுபோகும் விபூதி நமக்குப் புனிதம். அதனை அறியாதவர் கண்ணுக்கு அது பெயரில்லாத வெள்ளைத்தூள். பூசுகிற அளவுக்கு ஒரு சிறு சிமிழில் கையோடு வைத்துக்கொண்டு, மிகுதியைப் பெரிய பெட்டியில் இடுவது புத்தி. அமெரிக்காவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் செல்லும் விமானங்களில், கைப்பையிலுள்ள 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூள்களுக்கு 2018ஆம் ஆண்டு தொடக்கம் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

திரவங்களின் கதை 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆரம்பமானது. குளிர்பானப் போத்தல்களில் திரவ வெடிமருந்தை மறைத்து, இலண்டனிலிருந்து வட அமெரிக்காவுக்குச் செல்லும் விமானங்களைத் தகர்க்கும் சதியொன்றைப் பிரித்தானியப் பொலிசார் அப்பொழுது கண்டுபிடித்தனர். அதன்பின் வந்ததே கைப்பையில் ஒவ்வொரு போத்தலும் 100 மில்லிலீற்றருக்கு மேற்படலாகாது என்ற விதி. புதுவகை இயந்திரங்கள் வந்துள்ள சில நிலையங்களில் இது தளர்த்தப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் வழியில் விமானம் மாறும் இடத்திலும் மறுபடி சோதனை உண்டு; அங்கே பழைய விதி நடைமுறையில் இருந்தால் என்ன செய்வது? பழைய விதியை மனத்திற்கொண்டு அடுக்குவதே பத்திரம். போத்தலில் பாதியே இருந்தாலும் அதன் முழுக் கொள்ளளவே கணக்கில் எடுக்கப்படும். மருந்துக்கும் குழந்தை உணவுக்கும் விலக்கு உண்டு. வைத்தியரின் துண்டை மருந்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளவேண்டும்.

திரவம் என்ற சொல்லுக்கு நம் அடுப்படியில் ஒரு பொருள், விமான நிலையத்தில் வேறு பொருள். ஊற்றக்கூடியது மாத்திரமன்று, பூசக்கூடியதும் வழிக்கக்கூடியதும் அங்கே திரவமே. ஊறுகாய், தேன், பற்பசை, வெற்றிலைச் சுண்ணாம்பு எல்லாம் அந்தக் கணக்கில் அடங்கும். நாம் அறிந்த மூதாட்டியார் ஒருவர், விமானம் மாறிய நகரொன்றிலே, தமது எலுமிச்சங்காய் ஊறுகாய்ப் போத்தல் குப்பைத்தொட்டியில் விழுந்த சத்தத்தை, முதற் பேரனைக் கையில் வாங்கிய கதையோடு சேர்த்தே இன்றும் சொல்லுவார். வெயில் பார்த்துப் பார்த்துக் காயவைத்துப் போட்ட ஊறுகாய் அது. உத்தியோகத்தர் தமது கடமையைச் செய்தார். பெரிய பெட்டி பாரம் கூடிவிடும் என்று, கடைசி நேரத்தில் தாயாருக்குச் சொல்லாமலே போத்தலைக் கைப்பைக்கு மாற்றியவர் மகன்.

வெற்றிலை போடும் முதியவர்களின் கொட்டைப்பெட்டியையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடவேண்டும். பாக்குவெட்டி அங்கேதான் இருக்கும். கையோடு கொண்டுபோனால் பறிபோகும். அதுவும், மகள் கேட்டனுப்பிய திருவலையும் பெரிய பெட்டிக்குள் போகவேண்டியவை. கொப்பராவை எந்தப் பெட்டியிலும் வைக்காதிருப்பது நல்லது. தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருளென்று விமானப் போக்குவரத்தில் அதனை ஆபத்தான பொருள்களின் வரிசையில் சேர்த்திருக்கின்றனர்.

மின்கலம் இதற்கு நேர்மாறானது. பவர் பாங்க் முதலிய லித்தியம் மின்கலங்கள் பெரிய பெட்டியில் இருக்கலாகாது; கையோடுதான் செல்லவேண்டும். அது தீப்பற்றினால், பிரயாணிகள் அமரும் பகுதியில் பணியாளர் கண்டு அணைக்கலாம். பொதிகள் அடைந்த கீழறையில் யார் காண்பது? பொதுவாக 100 வாற்று மணி வரை தனி அனுமதி வேண்டியதில்லை. 20,000 மில்லி அம்பியர் மணி என்று குறித்துள்ள பவர் பாங்க் ஏறக்குறைய 74 வாற்று மணிதான். மின்கலம் என்றதும் நமது தலைமுறைக்கு வேறொரு ஞாபகமும் வரும். 1990களில் வடக்கே கொண்டுசெல்லத் தடுக்கப்பட்ட பொருள்களுள் அதுவும் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் அல்லவா நாம்?

மேசைமீது பெட்டி கவிழ்க்கப்படும் காட்சியும் நமக்குப் புதிதன்று. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் ஓமந்தையிலும் முகமாலையிலும் வரிசையில் நின்று, உடுபுடவைகளை அந்நியர் கைகள் புரட்டுவதைப் பார்த்திருந்தவர்களே இன்று பாட்டிமாராகப் பிள்ளைகளிடம் பறக்கின்றனர். சீருடையைக் கண்டதும் அவர்கள் கை நடுங்குகின்றது. கேட்ட கேள்விக்கு மறுமொழி வராமல் நாக்கு ஒட்டிக்கொள்கின்றது. இந்த நடுக்கத்தைக் குற்றத்தின் அடையாளமாகக் கொள்ளும் உத்தியோகத்தரும் இருக்கலாம். பெயரையும் நிறத்தையும் பார்த்தே தம்மை நிறுத்தினார்கள் என்று மனங்குறைபடுவோரும் உளர். அதனை முற்றிலும் கற்பனை என்று நாம் தள்ளிவிடோம். ஆனால் பெட்டி திறக்கப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம், திரையிலே படம் தெளிவாக இல்லாமையே. இவ்விஷயத்தைப் புறப்படுமுன் வீட்டிலே தாயாருக்கு ஆறுதலாகச் சொல்லிவைப்பது, பெட்டிக்குப் பூட்டுப் போடுவதிலும் முக்கியமானது.

அவருக்கு உரிமைகளும் உண்டு என்பதைச் சொல்லவேண்டும். உடலைத் தடவிச் சோதிப்பதாயின் பெண் உத்தியோகத்தரைக் கேட்கலாம். தாலிக்கொடியைப் பற்றிக் கேள்வி எழுந்தால் தனியறையில் சோதிக்கும்படி கேட்கலாம். முழங்காலில் உலோகம் பொருத்தியவர்களும் இருதயத்தில் கருவி வைத்தவர்களும் இயந்திரத்துக்குள் நுழையுமுன்னரே சொல்லிவிடவேண்டும். ஆங்கிலம் அறியாதவர் இவற்றை எழுதிய துண்டொன்றை நீட்டலாம். சக்கர நாற்காலி வேண்டுமென்று விமானக் கம்பனிக்கு இரண்டு நாளைக்கு முன்னரே அறிவித்தால், அதற்கெனப் பணம் கேட்பதில்லை. உடன்வரும் பணியாளர் வழி தெரியாத பெரிய நிலையங்களில் கைகொடுப்பார்.

போய்ச் சேரும் நாட்டின் உணவுச் சட்டங்கள் தனிக் கட்டுரைக்குரியவை. இறைச்சியையும் பாற்பொருள்களையும் இலங்கையிலிருந்து பிரித்தானியாவுக்குள் கொண்டுசெல்ல அனுமதியில்லை என்பதையும், அவுஸ்திரேலியாவில் உணவுப்பொருளை மறைத்தால் அபராதம் உண்டு என்பதையும் மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம். நெய்ப்போத்தல் வீட்டிலேயே இருக்கட்டும்.

வழியனுப்பப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரவோடிரவாக வானில் வந்தவர்கள், தாயார் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் மறைந்த உடனேயே திரும்பிவிடுகின்றனர். தனியொரு பெட்டி 32 கிலோவுக்கு மேற்பட்டால் விமானக் கம்பனிகள் ஏற்பதில்லை. அனுமதித்த நிறை அதனிலும் குறைவாக இருப்பதே வழக்கம். எடுத்துவைக்க நேர்ந்த அரிசிமாப் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் யாரைத் தேடுவார்? பெட்டி நிறுத்து ஏற்கப்பட்டது என்று தொலைபேசியில் சொல்லும்வரை, ஒரு பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டு வெளியே நிற்கலாம்.