எழுபது வளைவுகளுக்கு அப்பால் அறப்பளீஸ்வரர்

சிங்கப்பூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 3,000 கி.மீ. விமானம் அதனை நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்து கடந்துவிடுகிறது. திருச்சியில் இறங்கி, கொல்லிமலை அறப்பளீஸ்வரரைத் தரிசிக்கப் புறப்படுவோர் சாலையில் செல்ல வேண்டியது 150 கி.மீ. அளவே. அதற்கும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகிவிடும்! விடுமுறையில் வரும் பிள்ளைகள், ‘காலையில் போய்விட்டு இரவு விமானத்தைப் பிடித்துவிடலாம்’ என்று திட்டமிடுவதுண்டு. பெற்றோரை உடன் அழைத்துச் செல்வதாயின் அந்தக் கணக்கு ஒத்துவராது.

நாமக்கல்லில் பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயரையும், அவர் கைகூப்பி நோக்கும் நரசிம்மரையும், நாமகிரித் தாயாரையும் வணங்கிப் புறப்பட்டால், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியே காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருக்கிறார்கள். முதல் பத்தினைப் பேரக்குழந்தைகள் உரக்க எண்ணுவார்கள். முப்பதுக்குப் பின் வண்டியில் பேச்சே இராது. வயிற்றைக் காலியாகவும் விடாமல், நிறையவும் உண்ணாமல், கையில் ஓர் எலுமிச்சம்பழத்துடன் முன் இருக்கையில் அமர்வது பெரியோர்க்கு நலம்.

சோளக்காட்டை எட்டியதும் காற்று மாறிவிடும். மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், பலா, அன்னாசி, காப்பித் தோட்டங்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடிப்பெருக்கை ஒட்டி மலை முழுவதும் கூட்டம் பெருகும். நெரிசல் தாங்காதவர்கள் வேறு நாளைத் தேர்வதே உத்தமம்.

செம்மேட்டைக் கடந்து மேலும் உள்ளே சென்றால் திருக்கோயில். தேவாரத்தில் ‘அறைப்பள்ளி’ என்று குறிக்கப்பெறும் வைப்புத்தலம். அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடியது இப்பெருமான்மீதே. நிலத்தை உழுதபோது கொழுமுனை பட்டுச் சுயம்புத் திருமேனி வெளிப்பட்டதாகத் தலவரலாறு கூறும். திருமுடியில் அந்த வடுவைக் காட்டுவர். அன்னை அறம்வளர்த்த நாயகி. அருகே ஓடும் ஐயாற்றில், அறுத்த மீனும் பொருந்தி உயிர்பெற்று நீந்தியதாக ஐதிகம். ஆகவே இங்குள்ள மீன்களை யாரும் பிடிப்பதில்லை; பொரி தூவி வணங்குகின்றனர்.

கோயில்வரை வாகனம் செல்வதால் தரிசனத்தில் சிரமம் இல்லை. சிரமம் ஆகாய கங்கையில்தான். சுமார் 300 அடி உயரத்திலிருந்து வீழும் அவ்வருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கும்போது உற்சாகம் கால்களை நடத்திச் செல்லும். திரும்ப ஏறுகையில்தான் முழங்காலும் மூச்சும் தம் வயதைச் சொல்லும். இதயநோய், மூட்டுவலி உடையோர் இறங்க வேண்டா என்பதே நம் கருத்து. அருவியில் நீராடாததால் தரிசனப் பயன் குறைந்துவிடும் என்று எவரும் வருந்த வேண்டியதில்லை.

செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ ஓர் இரவு தங்குங்கள்; கம்பளி அவசியம். நாமக்கல்லிலிருந்து கோயிலுக்கே பேருந்துகள் உள்ளன. இறங்கியவுடன் திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளவும். படித்துறைக்கு மேலே பெற்றோரை நிழலில் அமர்த்திவிட்டு, கீழிருந்து ஒரு செம்பு கங்கை நீரை மூச்சிரைக்கச் சுமந்துவரும் பிள்ளைகளை அங்கே காணலாம். அதைத் தலையில் தெளித்துக்கொண்டு, மிச்சத்தை ஊருக்கு எடுத்துச் செல்கிறார்கள் முதியவர்கள்.