அம்மா தந்த சொற்கள்

என் விரிவுரையாளருக்கு நன்றி சொல்லுமுன் ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன்.

தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் கல்லூரியாகத் தொடங்கி, 1997-இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸில் நான் சேர்ந்த முதல் நாள். "அம்மா என்ன வேலை?" என்று தோழிகள் கேட்டார்கள். சுங்கை சிப்புட் பக்கம் பால் மரம் வெட்டியவர் என்று சொல்ல நாணி, "வீட்டில்தான் இருக்கிறார்" என்றேன்.

ஒரு நாள் வகுப்பில் ஐயா, "ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. தோட்டத்துச் சொற்களும் போய்விடக்கூடாது. சேகரித்து வாருங்கள்" என்றார். அம்மாவிடம்தான் போனேன். பெரட்டு, நிரை, மங்கு, ஒட்டுப்பால்... சொல்லச் சொல்ல எழுதினேன். "இதையெல்லாமா காலேஜில கேக்குறாங்க?" என்று சிரித்தார்.

ஏட்டைப் பார்த்த ஐயா, "யார் சொன்னது?" என்றார். "என் அம்மா. மரம் வெட்டியவர்" என்றேன், எல்லார் முன்னிலையிலும்.

பட்டமளிப்பு நாளில் அம்மாவை ஐயாவிடம் அழைத்துச் சென்றேன். அவர் எழுந்து நின்று, "வாங்கம்மா, உங்க பாடத்தைத்தான் நாங்க படிச்சோம்" என்றார். அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை.

பட்டத்தைப் பல்கலைக்கழகம் தந்தது. அம்மாவை எனக்குத் திருப்பித் தந்தவர் ஐயா. உங்கள் வீட்டிலும் இப்படிச் சொற்கள் இருக்கும். கேட்டு எழுதி வையுங்கள்.