மடையறிந்து நீர் பாய்ச்சுதல்

ஆற்றில் எத்துணை வெள்ளம் வரினும் வயலைச் சேர்வது மடை விடும் அளவேயாகும். கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் பெருமக்கள் இவ்வுண்மையை ஏட்டில் கற்றவரல்லர். வாய்க்காற் கரையில் நின்று கற்றவர். அவ்வறிவு எம் இல்லத்துக் கணிப்பொறியைப் பற்றியதோர் முடிவுக்கும் துணைநின்றது. அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம். தமிழ்த்துறை மலரில் கணிப்பொறிக்கு என்ன இடம் என வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

எம் மகன் கல்லூரி மாணவன். கணிப்பொறி விளையாட்டுகளில் பெருவிருப்புடையவன். அவன் பள்ளியிற் பயின்ற காலத்தில், 2017-இல், தேனியில் வாங்கிய பொறி அது. இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், 4 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு ஆகியன அதன் உறுப்புகள். யாம் வினாத்தாள் தட்டச்சிடுவதும், மதிப்பெண் பதிவதும், வங்கிக் கணக்குப் பார்ப்பதும் அதிலேயே.

ஒருநாள் மாலை அவன், "அத்தா, இது இனிமே தாங்காது. புதுசு வாங்கணும். அறுபதாயிரம் ஆகும், தவணையில தர்றாங்க" என்றான். தவணை என்றால் வட்டி. வட்டி எம் மார்க்கம் விலக்கியது, வீண்விரயமும் அவ்வாறே. "விளையாட்டுக்கா இவ்வளவு பணம்?" எனச் சினந்தோம். அவன் மறுமொழி கூறவில்லை. மறுநாள் தயங்கித் தயங்கி, "எம்.ஃபில். படிக்கிறப்போ கைமாத்து வாங்கிப் புத்தகம் வாங்கினதாச் சொல்வீங்களே அத்தா. அப்ப பாட்டையா உங்களை ஏசினாங்களா?" என்றான். எம் தந்தையார் ஏசவில்லை. என்ன நூல், எதற்கு என்று கேட்டார், அவ்வளவே. யாமோ மகனிடம் அதனைக்கூடக் கேட்டிலோம்.

அன்றிரவு முதன்முறையாக அவனருகில் அமர்ந்து ஆட்டத்தைக் கண்டோம். 2015-இல் கணிப்பொறிக்கு வந்த ஜிடிஏ ஃபைவ் என்னும் ஆட்டம். சாலையில் விரையும் வண்டி புதிய தெருவொன்றில் நுழையும்போதெல்லாம் காட்சி உறைந்து நின்றது. "கிராபிக்ஸ் கார்டுதான் காரணம்" என்றான். "காரணம் என்று எப்படி அறிந்தாய்?" என்றோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்து மீண்டும் ஆடச் செய்தோம். காட்சி உறையும் நொடிகளில் ஹார்டு டிஸ்க் நூறு விழுக்காட்டில் நின்றது. ரேம் நிரம்பி வழிந்தது. கிராபிக்ஸ் கார்டோ வேலையின்றிக் காத்திருந்தது. மடை எதுவென்று விளங்கிற்று.

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 7200 சுற்று எனக் கொண்டால், ஒரு சுற்றுக்கு எட்டு மில்லிநொடிக்கு மேலாகும். வேண்டிய செய்தி தட்டின் எப்பகுதியில் உளதோ, அது படிமுனையின் கீழ் வந்து சேரும்வரை செயலியும் கார்டும் காத்திருத்தல் வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் உறுப்பே இல்லை. ஆதலின் அக்காத்திருப்பு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. ரேம் போதாதபோது கணிப்பொறி அவ்வட்டையே துணை நினைவகமாகக் கொள்வதால், ஒரு குறை மற்றொன்றைப் பெருக்குகிறது.

செயலியை மாற்றலாமே எனின், அங்கே வேறொரு சிக்கல். ஏழாம் தலைமுறைக்குரிய மதர்போர்டில் எட்டாம் தலைமுறைச் செயலி இயங்காது. பொருத்துமுனைகள் இரண்டிற்கும் 1151 என்பது உண்மையேயாயினும் இயங்காது. செயலி மாறினால் மதர்போர்டு மாறும். புதுவகை மதர்போர்டுக்கு டிடிஆர்5 ரேம் வேண்டும். 2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டமையால், ரேம் விலையும் ஏறிவிட்டது. ஒரு கல்லை உருவப் புகுந்து சுவரையே மீண்டும் எழுப்பிய கதையாகும்.

இவ்விடத்தில் எமக்கு முல்லைப் பெரியாறு அணை நினைவுக்கு வந்தது. 1895-இல் சுண்ணாம்புச் சுர்க்கிக் கலவையால் எழுந்த அவ்வணையின் வலிமை குறித்து ஐயம் எழுந்தபோது, 1979-க்குப் பின்னர் அதன் தலைமேல் கான்கிரீட் பாரம் ஏற்றினர். இரும்பு வடங்களால் பாறையோடு பிணைத்தனர். பின்புறம் கான்கிரீட் அணைவு தந்தனர். எங்கு வலுக்குறைவு என்று ஆராய்ந்து அங்கு வலுவூட்டினர். 142 அடி வரை நீர் தேக்கலாம் என உச்சநீதிமன்றம் 2014-இல் உறுதி செய்தது. பழமை ஒன்றே கழிப்பதற்குக் காரணமாகாது என்பதை எம் பள்ளத்தாக்கின் நெல்வயல்கள் அறியும்.

எனினும் பழமையின் எல்லையையும் மறைத்தலாகாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. ஏழாம் தலைமுறை ஐ5 செயலியை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. நான்கு ஜிபி கார்டில் புதிய பேராட்டங்கள் பல செம்மையாக ஓடா. இவற்றை மகனிடம் ஒளிக்காது கூறினோம். "அந்த ஆட்டமெல்லாம் நான் சம்பாதிச்சு ஆடிக்கிறேன் அத்தா" என்று நகைத்தான்.

ஆகவே 500 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றும், பழைய பொருட்கடையிலிருந்து 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்றும் வாங்கினோம். கையிலிருந்த பத்தாயிரத்திற்குள் செலவு அடங்கிற்று. விசிறியில் எட்டாண்டுத் தூசியைத் துடைத்து, செயலிக்குப் புதிய தெர்மல் பேஸ்ட் இட்டான். வங்கி, மதிப்பெண், தமிழ்த் தட்டச்சு ஆகியவற்றிற்கு லினக்ஸ். ஆட்டத்திற்கு மட்டும் விண்டோஸ் எனப் பிரித்து வைத்தோம். இப்போது அவ்வண்டி தெருவில் நில்லாது செல்கிறது.

வருவாயின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாதிருப்பின் கேடில்லை என்பது வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் உணர்த்தும் கருத்து. ஆண்டுதோறும் வகுப்பில் அதனை விளக்கி வருகின்றோம். ஆயினும் கணிப்பொறியின் மடையைக் கண்டபோது, எம் இல்லத்தில் அடைபட்டிருந்த வேறொரு மடையையும் கண்டோம். மகன் விரும்புவது என்ன என்று கேளாமலே மறுத்துவந்த எம் நாவே அது. அதனைத் திறக்கப் பொருட்செலவு ஏதுமில்லை. இன்றும் சில இரவுகளில் அவனருகே அமர்கின்றோம். ஆட்டம் விளங்குவதில்லை, அவன் விளக்குகிறான். எல்லாப் புகழும் இறைவனுக்கே.