பாப்பாத்தியம்மாள் கோயில்

செட்டிநாட்டிற் பிறந்து வளர்ந்த எமக்குப் ‘புள்ளி’ என்னும் சொல் புதிதன்று. நகரத்தார் சமூகத்தில் மணம் புரிந்த தம்பதியர் ஒரு புள்ளியாக எண்ணப்பெறுவர். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி முதலிய ஒன்பது கோயில்களுள் ஒன்றைச் சார்ந்தே ஒவ்வொரு குடும்பமும் அறியப்படும். ஒருவர் எந்த ஏட்டில், யாரோடு சேர்த்து எண்ணப்பெறுகிறார் என்பது சிறு காரியமன்றென்பதை யாம் காரைக்குடியிலேயே கற்றுக்கொண்டோம். ஆதலின், பாளையங்கோட்டைத் திருச்சபையின் பழைய பதிவேட்டைப்பற்றிக் கேள்வியுற்றபோது எம் கருத்து அதன்கண் ஊன்றி நின்றது. 1780-ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற அவ்வேட்டில் 40 பெயர்கள் உள்ளன. முதற்பெயர் ஒரு கைம்பெண்ணுடையது: குளோரிந்தா.

அவ்வம்மையார் தஞ்சையைச் சார்ந்த மராட்டியப் பிராமண குலத்தினர். இளமையிலேயே கணவனை இழந்தவர். உடன்கட்டையேறுதலினின்றும் லிட்டில்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி அவரைக் காத்தனர் என்பது வழிவழி வந்த செய்தி. அவ்வதிகாரியோடு வாழ்ந்த நாளில் அவர்பாலே கிறிஸ்து சமய போதனையும் கேட்டறிந்தார். பின்பு, தஞ்சையில் ஊழியம் புரிந்துவந்த சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் வேண்டினார். மணவினையின்றி ஓர் ஆடவரோடு வாழ்பவர்க்கு அதனை அளித்தல் தகாதென ஐயர் மறுத்துவிட்டார்.

அன்பர்களே, இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்தித்தல் வேண்டும். சபை ஒழுங்கைப் பேணுவது ஐயரது கடமையே. அதனை யாம் குறைகூற முன்வரவில்லை. ஆயினும் அவ்வுறவில் இருந்தவர் இருவர். வாயிற்புறத்தே நின்றவர் ஒருவர். பிறந்த குலத்திற்குப் புறம்பாகி, புகவந்த சபையிலும் இடம் பெறாத ஒரு பெண், மனங்கசந்து அகன்றிருப்பாரேல் அவரைப் பழிப்பார் யார்? அவர் அகலவில்லை. அதிகாரி இறந்த பின்னர், 1778-ஆம் ஆண்டில் அதே ஐயர் கையால் ஞானஸ்நானம் பெற்றார்.

அதற்குப் பின் அவர் வாழ்ந்த 28 ஆண்டுகளும் அச்சிறு சபையின் சரித்திரமே எனலாம். மந்தைக்குப் போதகர் வேண்டுமென்று தஞ்சைக்கு விண்ணப்பம் செய்தார்; மக்கள் நீரருந்தக் கிணறு தோண்டுவித்தார்; கல்லினால் ஓர் ஆலயம் எழுப்ப முயன்று முற்றுவித்தார். 1785-ஆம் ஆண்டில் சுவார்ட்ஸ் ஐயரே வந்து அதனைப் பிரதிஷ்டை செய்தனர். ஒருகால் மறுத்த கை, அவர் கட்டிய வாயிலையே திறக்க நேர்ந்தது! உபதேசியாராயிருந்த சத்தியநாதன் 1790-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்று அப்பகுதியில் ஊழியம் நடத்தினார். அம்மையார் 1806-ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார்.

ஊரார் அவ்வாலயத்திற்கு இட்ட பெயரோ ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்பது. அவர் விரும்பி ஏற்ற பெயர் குளோரிந்தா; ஊர் நாவில் நிலைத்ததோ அவரை விலக்கிய குலத்தின் பெயர். புதிய சபையிலும் பழைய குலப்பெயர் மக்களை விட்டு நீங்கவில்லை என்பதற்கு இது சான்றாயினும், கட்டியவர் ஒரு பெண் என்பதை ஊர் மறக்கவில்லை என்பதற்கும் இதுவே சான்று.

1799-இல் முதலூர் உண்டாயிற்று. 1820-இல் இரேனியுஸ் ஐயர் வந்தார். 1826-இல் பாளையங்கோட்டையில் பெரிய திரித்துவ ஆலயம் எழுந்தது. திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றில் இவை விரித்துரைக்கப்படும். இவற்றிற்கெல்லாம் முற்பட்ட அம்மையாரின் வாழ்வை, அ. மாதவையர் 1915-இல் ஆங்கிலத்தில் ஒரு நாவலாக இயற்றினார்.

நம் சிற்றூர் ஆலயங்களிலும் இத்தகையோர் உளர். விடியுமுன் ஆலயம் பெருக்கி, பிடியரிசி திரட்டி, பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடம் சொல்லி, நோயாளர் வீடுதோறும் சென்று முதுமை எய்திய பாட்டிமார் எத்துணைபேர்! குருமாரின் பெயர்கள் கல்லிலே பொறிக்கப்படுகின்றன. இவர்தம் பெயர்கள் கணக்கேட்டிலும் காணக் கிடைப்பதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஆலயத்து மூதாட்டி ஒருவரை அடுத்திருந்து, அவர் கூறுவனவற்றைப் பெயரோடும் ஆண்டோடும் எழுதி வருவாராயின், அஃது இக்கல்லூரி செய்யத்தக்க நற்பணிகளுள் ஒன்றாகும். 1780-இல் ஒருவர் எழுதி வைத்தமையாலன்றோ அம்முதற்பெயரை இன்று நாம் அறிகிறோம்?